ஜூனிப்பரும் பட்டையும்

அத்தியாயம் பதினொன்று

மாடிப்படியில் வைத்துச் சித்தப்பாவை மகள் "திருடன்" என்று சொன்னாள் அல்லவா, அந்த ஒரு சொல் விடிந்த பிறகும் வீட்டை விட்டுப் போகவில்லை. காலைக் காபியோடு மேஜையில் உட்கார்ந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு வந்தது.

சண்டை ஒரு சென்ட் பாட்டிலுக்காக. அப்பா போன பிறகு அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டார்கள், செருப்புகளையும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பச்சைக் கண்ணாடி பாட்டிலை மட்டும் மகள் எடுத்துத் தன் அலமாரியில் பூட்டிக்கொண்டாள். அந்த சென்ட் இப்போது கடைகளுக்கு வருவதில்லை. மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்று கண்டதும் அவள் சந்தேகம் நேரே மாடிக்கு ஏறியது. மாடியில் குடியிருப்பது சித்தப்பா மட்டும்தான். கல்யாணம் ஆகாத ஒண்டிக்கட்டை. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன்.

"அப்பா வாசனையைக் கூடவா திருடுவீங்க?" என்று கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஏறிப் போய்விட்டான்.

பதில் சொல்லியிருக்க வேண்டியவள் அம்மா. அவள் அப்போது அடுப்படியில் நின்று, ஏற்கெனவே துடைத்த மேடையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அலமாரிச் சாவி என் பையில இருக்கு. அவர் வந்து கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு" என்றாள் மகள், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது.

"சித்தப்பான்னு சொல்லு. அவர் இவர்னு பேசாதே."

"திருடினா அவர்தான். நீ என்ன அவருக்கு வக்கீலா?"

"ரெண்டு வாய் சாப்பிட்டுப் போடி."

"பார்த்தியா, பேச்சை மாத்தற."

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரார் கண்ணையெல்லாம் எழுத்துப் பலகை வைத்துச் சோதிக்கிறவள். தாயின் முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்காமல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அம்மா எழுந்தாள். தன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். அவள் அலமாரியும் மகள் அலமாரியும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் சாவி மற்றதையும் திறக்கும். மகளுக்கு இது தெரியாது.

பாட்டிலைக் காலி செய்துகொண்டிருந்தவள் அவள்தான்.

---

அவளைத் தேயிலைக் கம்பெனியில் எல்லாரும் டேஸ்டரம்மா என்பார்கள். வந்திறங்கும் தேயிலையில் எது நல்லது, எது ஆகாது, எதை எதோடு கலப்பது என்று ருசி பார்த்துச் சொல்வது வேலை. "நம்ம கம்பெனி இந்த அம்மாவோட மூக்கு மேல நிக்குது" என்று மேனேஜர் விருந்தாளிகளிடம் சொல்வார். வெறும் புகழ்ச்சி இல்லை. நாக்குக்குத் தெரிவது கசப்பும் துவர்ப்பும்தான். மிச்சமெல்லாம் மூக்கின் வேலை.

அதனால் வேலை நாட்களில் அந்த வீட்டில் வாசனை சோப்பு இல்லை, பவுடர் இல்லை, ஊதுபத்தி இல்லை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க கிரீஸிலும் எண்ணெயிலும் கிடப்பவர். சென்ட் பூசாமல் வெளியே போக மாட்டார். அவளுக்காக ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பாட்டில் அவருடைய கருவிப் பையிலேயே இருக்கும். தெருமுனை திரும்பிய பிறகு எடுத்துக் கழுத்தில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று அடித்துக்கொள்வார். சாயங்காலம் வந்ததும் வெளிக்குழாயில் கழுத்து வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"ஊருக்கெல்லாம் வாசனை, எனக்கு மட்டும் வேர்வையா?" என்று அவள் கேட்பாள்.

"லீவு அன்னிக்குப் பூசிக்கறேன்ல?"

லீவு நாட்களில் மட்டும்தான் அவளுக்கு அந்த வாசனை. குளிர் மலைகளில் விளையும் ஜூனிப்பர் காய், அதோடு பட்டை. இனிப்பே இல்லாத வாசனை. வெயிலில் காய்ந்த விறகை உடைத்தால் வருமே, அப்படி ஒரு வறட்டு மணம். பின்னாலேயே ஒரு காரம். அவர் பழுது பார்த்துவிட்டுப் போன லிஃப்டில் ஏறினால் அரை நாள் வரை அது நிற்குமாம். ஊரில் பாதிப் பேர் அவரை அந்த வாசனையால்தான் தெரிந்துவைத்திருந்தார்கள். கட்டின பெண்டாட்டிக்குத்தான் அது பண்டிகைப் பண்டம் மாதிரி, எப்போதாவது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. இருவரையும் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது அவள் மட்டும். வந்த பிறகுதான் தெரிந்தது, அவளும் முழுசாக வரவில்லை.

மூக்கு செத்துப்போயிருந்தது. ஏலக்காய், மண்ணெண்ணெய், அழுகின முட்டை, எல்லாம் ஒன்றுதான். டாக்டர், "சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. பழகின வாசனை எதையாவது தினமும் முகர்ந்து பாருங்க" என்றார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடமும் இல்லை. தேயிலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, துவர்ப்பை நாக்கால் பிடித்து, பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாசனையாவது திரும்பட்டும், அது அவருடையதாக இருக்கட்டும் என்று தினமும் ஒரு காகிதத் துண்டில் அந்த சென்ட்டை அடித்து மூக்கருகே பிடித்து நிற்பாள்.

இன்று காகிதத்தை எடுக்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வருகிற நாள். அடுத்த வருஷத்துக் கலவையை அவள் சொல்லித்தான் அவர் எடுக்கப்போகிறார். நேற்றைய சண்டை வேறு உள்ளே கொதித்தது. உடம்புச் சூட்டில்தானே இது அவரிடம் மணந்தது, காகிதத்துக்கு ஏது சூடு என்று தோன்றியது. கழுத்தில் அடித்தாள். காதுக்குப் பின்னால் அடித்தாள். மூக்கின் உச்சியில் சுரீர் என்று ஒரு குத்தல். வாசனை இல்லை, குத்தல்தான். ஆனாலும் ஏதோ ஒன்று உள்ளே எட்டியிருக்கிறதே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முடியில், மாரில், மணிக்கட்டில் அடித்துக்கொண்டே போனாள்.

குத்தலும் அடங்கிப்போயிற்று.

கழுத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கழுவிவிட்டதால் போய்விட்டிருக்கும் என்று நினைத்தாள். போயிற்றா இல்லையா என்று பார்க்க மூக்கு வேண்டுமே.

---

கம்பெனி லிஃப்டில் கணக்குப் பிரிவு அம்மாள் ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப்போனாள். இத்தனை மாசம் ஆகியும் இந்தப் பரிதாபம் விட்டபாடில்லையே என்று டேஸ்டரம்மா எரிச்சல்பட்டாள்.

ருசி பார்க்கும் அறையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாகக் காத்திருந்தன. ஒவ்வொரு கோப்பைக்கும் பின்னால் காய்ந்த இலை ஒரு தட்டு, வெந்த இலை ஒரு மூடியில். உதவி டேஸ்டர் பெண் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தேநீரை அவள் உறிஞ்சும் சத்தம் வராந்தா வரை கேட்கும். அதனால் அவளுக்கு விசில் என்று பெயர். விசில் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேனேஜர் வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

வாடிக்கையாளர் முதல் கோப்பையில் கரண்டியை விட்டு உறிஞ்சினார். வாயில் உருட்டினார். தொட்டியில் துப்பினார்.

"அட! இதுல பட்டை வாசம் வருதே. வறட்சியா, காரமா. வித்தியாசமா இருக்கு. எந்தத் தோட்டம்?"

எல்லாரும் டேஸ்டரம்மாவைப் பார்த்தார்கள். இதுதான் அவள் பயந்த கேள்வி. கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத கேள்வி. ஆனால் பதிலை அவரே கையில் கொடுத்துவிட்டாரே!

"மேட்டுத் தோட்டம் சார். இந்தப் பருவத்துச் சரக்குல லேசா அப்படி வரும்" என்றாள் கணீரென்று.

விசில் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டாவது கோப்பை. "இதுலயும் வருதே?"

"பக்கத்துத் தோட்டம் சார். ஒரே மண்ணு."

மூன்றாவது. "இதுலயுமா?"

"ஒரே காத்து அடிக்குற இடம் சார்."

"நாலாவதுலயும் வருதே? அது வேற மலைன்னு சீட்டுல இருக்கே?" வாடிக்கையாளர் கரண்டியை வைத்துவிட்டுக் கெட்டிலின் மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"வெந்நீர்லயும் வருது. வெந்நீர் எந்தத் தோட்டம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜரின் காது மடல் சிவந்தது. டேஸ்டரம்மாவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கோப்பையைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள். எங்கேயோ ஒரு குழி இருக்கிறது, அதில் கால் வைத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மகளின் சித்தப்பாதான். அவனுக்கும் இதே கம்பெனியில்தான் வேலை, குடோனும் பேக்கிங்கும் அவன் பொறுப்பு. கையில் அடுத்த சாம்பிள் தட்டு. உள்ளே ஓர் அடி வைத்தவன் அப்படியே நின்றான். அவன் கண் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாரையோ தேடியது. ஒரு நொடிதான். பிறகு அவள் முகத்துக்குத் திரும்பியது.

"என்னய்யா இது நாத்தம்?" என்று மேனேஜர் அவன் மேல் பாய்ந்தார். "யார் சென்ட் பூசிட்டு உள்ள வந்தது?"

"நான்தான் சார்."

"நீ இப்பதானே வர்றே?"

"காலையில கோப்பையெல்லாம் எடுத்து வெச்சது நான்தானே சார். துணியில, தட்டுல ஏறியிருக்கும். அது எங்க அண்ணன் பூசுற சென்ட்டு. இன்னிக்கு என்னமோ பூசிக்கணும்னு தோணிச்சு."

அண்ணன் பூசுகிற சென்ட்.

டேஸ்டரம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"இத்தனை வருஷம் வேலை பார்க்கறே, அறிவு வேணாம்? டேஸ்ட் ரூம்ல வந்து அண்ணன் புராணம் பாடறே! போ. நான் கூப்பிடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. வேலைக்கே வராதே!"

"சரி சார்." தட்டை வைத்துவிட்டு அவன் போய்விட்டான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்திச் சாப்பிட அழைத்துப் போனார் மேனேஜர். விசில் ஜன்னல்களைத் திறந்தாள். மின்விசிறியை வேகமாக வைத்தாள். சற்று நேரம் கழித்து அருகில் வந்து, "அக்கா, ஜன்னலைத் திறந்து பிரயோஜனம் இல்ல. நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுகிற குரலில் சொன்னாள்.

டேஸ்டரம்மா வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். நேற்று வீட்டில் திருடன், இன்று வேலையிடத்தில் முட்டாள். இரண்டு பட்டத்தையும் அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இரண்டையும் கொடுத்தவள் இங்கே காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறாள். பேசாமல் இருந்தால் இன்றைய பொழுது ஓடிவிடும். நாளைக்குப் புதுக் கோப்பை, புதுச் சாம்பிள். ஓட்டிவிடலாம். இவ்வளவு நாள் ஓட்டவில்லையா?

மேனேஜர் திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் அவர் அறையில் இருந்தாள்.

"சார், அது என் கொழுந்தன் இல்ல. நான்தான் பூசிட்டு வந்தேன்."

"நீங்களா?"

"கழுவிட்டுத்தான் வந்தேன், வாசனை போகலன்னு எனக்கே தெரியல. எனக்கு வாசனை தெரியாது சார். காய்ச்சல் வந்ததுல இருந்து."

அவர் நம்பவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து தலைவலித் தைலத்தை எடுத்துத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினார். அவரே முகத்தைத் திருப்பிக்கொள்ளுமளவு அது நெடி அடித்தது போலிருக்கிறது.

"குளிர்ச்சி தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

மேனேஜர் மூடியைத் திருகி மூடினார். ரொம்ப நேரம் திருகிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"மூக்கு இல்லாத டேஸ்டரை வெச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க சார்?"

அவரிடம் வேறொரு கேள்வி இருந்தது.

"அப்ப வேலைக்குத் திரும்பி வந்ததுல இருந்து நீங்க சரின்னு சொல்லி அனுப்பின சரக்கெல்லாம்?"

அவள் தரையைப் பார்த்தாள். அவர் போனை எடுத்தார்.

---

வீட்டுக்கு வந்தபோது மகள் அலமாரிக்கு முன்னால் பாட்டிலும் கையுமாக நின்றிருந்தாள். கடையிலிருந்து சீக்கிரமாக வந்திருக்கிறாள்.

"நேத்து ராத்திரி பூட்டினேன்மா. சாவி என்கிட்டத்தான் இருக்கு. அப்படியும் குறைஞ்சிருக்கு! மந்திரமா?" என்று திரும்பியவள் வாய் அப்படியே நின்றது. மூக்கு விடைத்தது. கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே. கடைசியில் சின்னக் குழந்தை மாதிரி அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீயாம்மா?"

"நான்தான். என் சாவியும் அதைத் திறக்கும்."

"என்கிட்ட கேட்டா குடுத்திருக்க மாட்டேனா? சித்தப்பாவைப் போய் நான்... நீ பார்த்துக்கிட்டு சும்மா நின்னியே!"

"நின்னேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், காகிதத் துண்டு, வெந்நீர்த் தோட்டம் வரை. வெந்நீர்த் தோட்டத்தில் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சொல்லேன்," என்றாள் அம்மா. "எப்படி இருக்கு?"

"எது?"

"என் மேல வர்றது. ஊருக்கெல்லாம் தெரியுது, எனக்குத்தான் தெரியல."

மகள் மறுபடி முகர்ந்தாள். வார்த்தை தேடினாள். வாசனைக்கு வார்த்தை தேடுவது எவ்வளவு சிரமம் என்று வாழ்நாளெல்லாம் அதையே செய்தவளுக்குத் தெரியும். அவசரப்படுத்தவில்லை.

"முதல்ல பென்சில் சீவின மாதிரி. அப்புறம் மூக்குக்குள்ள பட்டை ஏறுது. அப்புறம்..." மகள் நிறுத்தினாள். "அப்பா மாதிரி இல்லம்மா. உன் மேல வேற மாதிரி வருது. கொஞ்சம் கோபமா."

அம்மா தலையாட்டினாள். சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது.

"வா. மேல போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்கணும். நீயும்தான், நானும்தான்."

---

கொழுந்தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவிழ்ந்துபோன செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் ஊசியை வைத்தான்.

"சித்தப்பா, நேத்து நான் பேசினது..."

"விடு குட்டி. உங்கப்பன் பேசாத பேச்சா? அண்ணி, பாட்டில்ல ஏதாச்சும் மிச்சம் வெச்சிருக்கீங்களா, இல்ல குளிச்சே முடிச்சிட்டீங்களா?"

அவளுக்குச் சிரிக்க வரவில்லை. "உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"போன மாசம் கேஸ் அடுப்பு அணைஞ்சு வீடே நாறிச்சு. நான் மேல இருந்து ஓடி வர்றேன், நீங்க பக்கத்துல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"ஒரு வார்த்தை கேட்கலியே தம்பி."

"நீங்க சொல்லலியே. சரி, இன்னிக்கு ஒரு வழியா சமாளிச்சாச்சு. நாலு நாள் போனா மேனேஜர் தானா கூப்பிடுவாரு. அவருக்கு என்னை விட்டா குடோனுக்கு ஆள் ஏது?"

"நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னத்தை?"

"எல்லாத்தையும். வாசனை தெரியாதுங்கறது வரைக்கும்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"ஏன் அண்ணி சொன்னீங்க?"

"உன் வேலை போகுதே."

"இப்பதான் போகப்போகுது!" குரல் உயர்ந்துவிட்டது. மகள் திகைத்துப்போய் இருவரையும் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நீங்க சரின்னு சொன்ன சரக்கையெல்லாம் நான் இன்னொரு தடவை ஊத்திக் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் வெளிய அனுப்பினேன். பெரும்பாலும் நல்லாத்தான் இருந்தது. கொஞ்சம் மூட்டையில பூஞ்சை வாடை. அதைப் போய் நான் எப்படி வெளிய விட முடியும்? கெட்டதுன்னு யார்கிட்ட சொல்ல முடியும்? சொன்னா உங்க மூக்கைப் பத்திச் சொல்லணும்."

"அதனால?"

"அனுப்பினதாச் சொல்லிட்டு உள்ளேயே வெச்சுட்டேன். குடோன்ல கடைசி வரிசைக்குப் பின்னால. வேற நல்ல சரக்கைப் போட்டுச் சரிக்கட்டினேன். மெதுவாக் கழிச்சு விட்டுடலாம்னு இருந்தேன்."

மேனேஜரின் விரல் போனில் எண்களை அழுத்தியது அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் கூப்பிட்டது குடோனை. அவள் அனுப்பிய ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். போனதாகச் சொன்ன மூட்டைகள் உள்ளே ஒளிந்திருந்தால் அதற்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு. நேற்று மாடிப்படியில் மகள் சொன்ன பெயர்.

"மூட்டையெல்லாம் எண்ணச் சொல்லிட்டாரு தம்பி" என்றாள்.

"எப்பம்மா எண்ணுவாங்க?" மகள் கேட்டாள்.

தெருவில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. மகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "கம்பெனி வண்டிம்மா. மேனேஜரே வந்திருக்கார்."

குடோன் சாவி வேறு யாரிடமும் கிடையாது. கொழுந்தனின் கை சட்டைப் பைக்குள் போயிற்று.

"சாவியை என்கிட்ட குடு தம்பி."

"என்ன செய்யப்போறீங்க?"

"நானே திறந்து காட்டறேன். கெட்ட சரக்கை நல்லதுன்னு சொன்னவ நான். அது எங்க கிடக்குன்னு காட்ட வேண்டியவளும் நான்தான்."

"ஒளிச்சவன் நான் அண்ணி. நீங்க காட்டினா, சேர்ந்து செஞ்சோம்னு ஆகும். ரெண்டு பேருக்கும் வேலை போகும். இந்த வீடு எப்படி ஓடும்?"

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவுமில்லை. நடுவில் நின்ற மகள் யார் பக்கம் நகர்வதென்று தெரியாமல் நின்றாள்.

கீழே அழைப்பு மணி அடித்தது.